உறைந்துபோன தடுப்பு மருந்தும் என் மகளின் ஒன்பது நாட்களும்

அனுப்புநர்:
மு. ரசாக்,
ஃபிரிட்ஜ், ஏ.சி. பழுதுபார்ப்பவர்,
கோட்டைமேடு, கோயம்புத்தூர்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவ நலப்பணிகள்,
கோயம்புத்தூர் மாவட்டம்.

பொருள்: உறைந்து கெட்ட ஹெபடைட்டிஸ் பி தடுப்பு மருந்தை, கெட்டது தெரிந்தே பலருக்கும் போட்ட துடியலூர் தனியார் கிளினிக் மீது நடவடிக்கை எடுக்கவும், அங்கு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு உடனே தெரிவிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி கிளினிக்கின் (பெயரும் முகவரியும் தனித்தாளில்) மருந்து ஃபிரிட்ஜைப் பதினான்கு ஆண்டுகளாக நான்தான் பழுதுபார்த்து வந்தேன். அதை நடத்தும் மருத்துவர் எனக்கு வாடிக்கையாளர் மட்டுமல்லர். என் தகப்பனார் மௌத்தானபோது, அடக்கம் செய்யக் கபர்ஸ்தான் வரை எங்களோடு நடந்து வந்தவர். அவர் மீதே மனு எழுத வேண்டியிருப்பதால், உண்மை தெரிந்த பிறகும் பேனாவை எடுக்க எனக்குச் சில நாட்கள் ஆகிவிட்டன.

2. கடந்த ஆண்டு ஆயுத பூஜை 11.10.2024 வெள்ளிக்கிழமை வந்தது. பூஜை போட்ட இயந்திரத்துக்கு ஓய்வு கொடுப்பது நம் ஊர்ப் பட்டறைகளின் வழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பக்கத்து லேத் பட்டறைக்காரர் என் ஸ்பேனர்களுக்கும் சந்தனம் வைப்பார். நானும் இரண்டு நாள் அவற்றைத் தொடமாட்டேன். ஆகவே வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிளினிக் கம்பவுண்டர் கந்தப்பன், மேசை விசிறி முதல் மருந்து ஃபிரிட்ஜ் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிச் சென்றுவிட்டார். திங்கட்கிழமை வந்து திறந்தபோது உள்ளே வெதுவெதுப்பாக இருந்திருக்கிறது. பயந்துபோய்க் குளிர்க் குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருகிவிட்டார்.

3. மறுநாள் 15.10.2024 அன்று, ஐஸ் கட்டிக் கதவைச் சாத்த முடியவில்லை என்று என்னை அழைத்தார்கள். திறந்து பார்த்தால் மருந்துக் குப்பிகள் கல்லாக உறைந்திருந்தன. மருத்துவரிடம் காட்டினேன். ஒன்றை உருகவிட்டுக் குலுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரிந்த பால்போல் வெள்ளைத் திரள் அடியில் இறங்கியது. “சரிங்க ரசாக், நான் பாத்துக்கறேனுங்க” என்றார். சூடுதான் மருந்தைக் கெடுக்கும், குளிர் கெடுக்காது என்றே அன்றுவரை நினைத்திருந்தேன். என் தொழிலில் ‘கூலிங் போதவில்லை’ என்றுதான் எவரும் குறை சொல்வார்கள். அப்படியே கெட்டிருந்தாலும் அவர் கொட்டிவிடுவார் என்று நம்பினேன். ‘அதிகக் குளிர், சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிய சர்வீஸ் ரசீதின் நகலை இணைத்துள்ளேன்.

4. அடுத்த வாரமே என் மகள் அஃப்ராவை அங்கு அழைத்துச் சென்றேன். டயாலிசிஸ் டெக்னீசியன் படிப்பில் சேர்ந்தவளுக்கு இந்தத் தடுப்பூசி கட்டாயம். ஆறு மாதத்தில் மூன்று ஊசிகள். மூன்றுக்கும் அட்டையில் ஒரே பேட்ச் எண்தான் உள்ளது. ஐஸை என் கையால் சுரண்டிய அதே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

5. 04.11.2025 அன்று மருத்துவமனைப் பயிற்சியின்போது, ஹெபடைட்டிஸ் பி என்னும் கல்லீரல் நோய் உள்ள ஒருவருக்குப் போட்ட ஊசி அஃப்ராவின் விரலில் ஏறிவிட்டது. பொறுப்பில் இருந்தவர்கள் தடுப்பூசி அட்டையைப் பார்த்துவிட்டு, மூன்றும் போட்டிருப்பதால் பயமில்லை என்று தைரியம் சொன்னார்கள். இரத்தத்தை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. தடுப்பூசி வேலை செய்திருந்தால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) அளவு குறைந்தது பத்து இருக்க வேண்டும். அவளுக்கு இரண்டுகூட இல்லை.

6. இதன் பொருளை அவள்தான் எனக்கு விளக்கினாள். உடம்பில் கோடிக்கணக்கான வெள்ளணுக்கள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு எதிரியின் அடையாளம்தான் தெரியுமாம். தடுப்பூசி அந்த அடையாளத்தை முன்கூட்டியே காட்டுகிறது. அதைக் கண்டுகொண்ட அணு, இன்னோர் உதவி அணுவும் ஒப்புதல் தந்த பிறகு, பெருகி எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் சில அணுக்கள் அந்த நினைவோடு தங்கிவிடுகின்றன. அடுத்த முறை உண்மையான கிருமி வந்தால் தாமதமில்லாமல் எழுகின்றன. இந்த மருந்தில் அணுக்களை உசுப்பிவிடும் உப்பு ஒன்று உண்டு. உறைந்தால் அது திரண்டு பயனற்றுப்போகிறது. ஆகவே என் மகளின் உடம்புக்கு எதிரி யார் என்று யாரும் சரியாகச் சொல்லவேயில்லை. நினைவிருப்பதாக அட்டைதான் சொன்னது. கிருமி நுழைந்தால், எதிர்ப்பொருளையே நேரடியாக ஊசியில் செலுத்திக் காக்க வழியுண்டு. அதை ஏழு நாட்களுக்குள் செய்ய வேண்டும். அட்டையை நம்பியதில் அந்த ஏழு நாட்களும் போய்விட்டன. இப்போது தடுப்பூசியைப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். அவளுக்கு நோய் தொற்றியதா இல்லையா என்று உறுதியாகத் தெரிய வரும் மே மாதம் ஆகும்.

7. கந்தப்பனைத் தேடிப்போய்க் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அய்யா ஊட்டுப் பாப்பாவுக்கும் அதே மாசம் ஊசி இருந்துச்சுங்க. அதுக்கு மட்டும் ஆர்.எஸ்.புரத்துல புதுசா வாங்கியாரச் சொன்னாருங்க. எனக்கு அப்பவே சுருக்குன்னுச்சு. வாயத் தொறக்காம இருந்துபோட்டேனுங்க.”

ஐயா, மருந்து கெட்டதைவிட இதுதான் என்னால் தாங்க முடியாதது. தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். மருத்துவர் தன் பிள்ளைக்கு ஆகாது என்று ஒதுக்கியதை என் பிள்ளைக்குப் போட்டுவிட்டு, “டீ சாப்பிட்டுட்டுப் போங்க” என்று என்னை உட்கார வைத்திருக்கிறார். நானும் குடித்துவிட்டு வந்தேன்.

8. கடந்த வியாழக்கிழமை மருத்துவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். “இத்தன வருசப் பழக்கமுங்க, பேசித் தீத்துக்கலாம். பாப்பா வைத்தியத்த நான் பாத்துக்கறேனுங்க” என்றார். அஃப்ரா ஒன்றுதான் கேட்டாள்: “மத்தவங்களுக்கு எப்பங்க சொல்லப்போறீங்க?” அதற்கு அவர், “இதுவரைக்கும் யாரும் கேட்டு வரலீங்களே அம்மணி” என்றார். அவரோடு எனக்கிருந்த பழக்கம் அத்துடன் முடிந்தது.

உறைந்த அந்தக் குப்பிகளிலிருந்து ஐம்பத்தெட்டுப் பேருக்கு ஊசி போட்டதாகக் கந்தப்பன் சொல்கிறார். பிறந்த குழந்தைகளும், குப்பையில் கிடக்கும் ஊசிகளைக் கையால் அள்ளும் தூய்மைப் பணியாளர்கள் ஒன்பது பேரும் அதில் அடக்கம். அவர்களும் அட்டையை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, ஊசிப் பதிவேட்டையும் ஃபிரிட்ஜையும் அவை மாற்றப்படும் முன் தாங்கள் கைப்பற்ற வேண்டும். 15.10.2024 முதல் அங்கு இந்த ஊசி போட்டுக்கொண்ட ஒவ்வொருவரையும் அழைத்து இரத்தப் பரிசோதனை செய்து, தேவைப்படுவோருக்கு மறுபடி ஊசி போட வேண்டும். எல்லாப் பழியையும் கந்தப்பன் தலையில் கட்டி முடித்துவிடக் கூடாது. ஐஸைப் பார்த்தும் விவரம் கேட்காத என்னையும் விசாரியுங்கள். எப்போது அழைத்தாலும் வருகிறேன்.

இறுதியாக ஒன்று. பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் அவள் இரத்தத்தைப் பற்றி ஊருக்குச் சொல்வதா என்று என் மனைவி சித்திகா அழுதார். பெயரை மட்டுமாவது மறைத்துவிடலாம் என்று நானும் நினைத்தேன். அஃப்ரா மறுத்துவிட்டாள். “பேர் போடாத மனுவ ஓரமா வெச்சுருவாங்க அத்தா. அந்த ஐம்பத்தெட்டுப் பேர்ல ஒருத்திய நேர்ல பார்த்தாத்தான் மத்தவங்களத் தேடுவாங்க” என்றாள். அதனால் அவளும் கையொப்பமிட்டு, என்னோடு தங்கள் அலுவலகத்தின் வெளியே காத்திருக்கிறாள்.

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 24.11.2025

இப்படிக்கு,
மு. ரசாக்
ர. அஃப்ரா