மூன்றாவது குத்து

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதினெட்டு லாரி. பதினெட்டிலும் மக்காச்சோளம். தன் லோடுதான் சொக்கத் தங்கம் என்று பதினெட்டு டிரைவர்களும் சத்தியம் செய்தார்கள். தங்கத்தை ஏன் கோழித் தீவன ஆலைக்குக் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்க வாய் துறுதுறுத்தது.

லாரி மேல் ஏறி, நீளக் குழாயைச் சோளத்துக்குள் குத்தி, வந்ததை அரைத்து, மருந்துத் தண்ணீரில் கலக்கி, காகிதப் பட்டையை நனைத்து மெஷினுக்குள் விட வேண்டும். பூஞ்சை விஷம் எவ்வளவு என்று அது ஒரு எண் சொல்லும். இருபதைத் தாண்டினால் லாரி வெளியே. ஆறு வருடமாகக் குத்துகிறேன். டிரைவர்கள் வைத்த பெயர் குத்தூசி. முகத்துக்கு நேராக 'மேடம்'.

எண் கூடினால் டிரைவர் குதிப்பார். வேறு இடத்தில் குத்துவேன். அதிலும் கூடினால் மூன்றாவது குத்து. மூன்றில் எது குறைவோ அதை எழுத வேண்டும் - மானேஜர் கண்டுபிடித்த கணக்கு. விஷம் லாரி முழுக்கச் சமமாக இருக்காது. ஒரு மூலையில் பூத்துக் கிடக்கும், இன்னொரு மூலை சுத்தமாக இருக்கும். மூன்று தடவை குத்தினால் எங்காவது நல்லது மாட்டிவிடும். கோழி கோர்ட்டுக்குப் போகாது என்ற தைரியம். நானும் சிரித்துக்கொண்டே எழுதித்தான் வருகிறேன்.

மார்ச் 4, புதன்

ஒரு லாரி மூன்று குத்திலும் தோற்றது. அதற்கும் ஒரு திறமை வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

இன்றும் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன். வழக்கமாக என் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுப் போவார்கள். இந்த டிரைவர் விசில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

"என்னண்ணே, சந்தோஷமா போறீங்க?"

"எனக்கென்னம்மா கவலை? கடைசித் தெருவுல மாவு மில்லு இருக்குல்ல. அங்க மெஷினும் கிடையாது, உங்கள மாதிரி ஆளும் கிடையாது."

ஆறு வருடத்தில் ஒரு நாளாவது கேட்டேனா? கோழிக்கே ஆகாது என்று துரத்தினேனே, அதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று நினைத்தேன்? சந்நியாசமா?

எங்கள் வீட்டில் அந்த மில்லின் மக்காச்சோள மாவுதான். வாரத்தில் நாலு நாள் ரொட்டி.

மார்ச் 7, சனி

வீட்டு மாவை ஒரு டப்பாவில் கொண்டுபோய்ச் சோதித்தேன். 47. திரும்பவும் பார்த்தேன். 51. மூன்றாவது தடவைக்குக் கை தானாகப் போனது. பழக்கதோஷம். செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"இத்தனை நாள் தின்னோமே, ஒண்ணும் ஆகலையே?"

"ஒரே நாள்ல ஆளை அடிக்காது. மெல்ல ஈரலைத் தின்னும்."

காலித் தட்டைப் பார்த்தார். "இதை நான் சாப்பிடுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?" பாவம், காலையில் சுட்டதை நான் குப்பையில் போடுவதற்குள் மனிதர் முடித்துவிட்டார்.

அண்ணிக்கும் போன் செய்தேன், அந்த மாவை வாங்காதீர்கள் என்று. "ஊரே தின்னுது. உன் மெஷின் பேச்சைக் கேட்டா காத்தைத்தான் குடிக்கணும்" என்றார். அந்த வீட்டில் ஆறு வயதுப் பெண் இருக்கிறாள், அண்ணன் மகள், எங்கள் வாண்டு. அதையும் சொன்னேன். போனை வைத்துவிட்டார்.

மார்ச் 9, திங்கள்

மானேஜரிடம் மில் விஷயத்தைச் சொன்னேன். "அது நம்ம கேட்டுக்கு வெளியம்மா" என்றார். என் வீடும் கேட்டுக்கு வெளியேதான் இருக்கிறது சார்.

மார்ச் 11, புதன்

எழுதவே கை வரவில்லை.

அண்ணன் தன் லோடைக் கொண்டுவந்தான். ஒரு வெள்ளாமை மொத்தமும் ஒரே லாரியில். நானே ஏறிக் குத்தினேன். 64. இன்னொரு இடம், 41. மூன்றாவது, 17.

"அப்பாடா, எழுது" என்றான். மானேஜரும் பேனாவை நீட்டினார். "எழுதிடும்மா, சொந்தக்காரர்தானே."

எழுதவில்லை. என்ன பிடித்தது எனக்கு? மூன்று குத்திலும் வந்ததை ஒன்றாகக் கொட்டி, அரைத்து, புதிதாகப் பார்த்தேன். 42. அதை எழுதினேன்.

"எவன் எவனுக்கோ மூணாவது குத்தை எழுதின. கூடப் பொறந்தவனுக்கு மட்டும் சட்டமா?"

நியாயமான கேள்வி. "ஈரத்தோட குவிச்சு வெச்சிருக்கண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

"மழை வந்தப்ப உன் மெஷினா வந்து தார்ப்பாய் போட்டுச்சு? நீ எனக்குத் தங்கச்சியா, இல்ல மெஷினுக்குத் தங்கச்சியா?"

லாரி கடைசித் தெருப் பக்கம் திரும்பியது. ஓடிப்போய் மறித்திருக்கலாம். குழாயை எடுத்துக்கொண்டு அடுத்த லாரி மேல் ஏறினேன்.

மார்ச் 12, வியாழன்

சுகாதார ஆபீசுக்குப் புகார் எழுதினேன். நான் துரத்தி மில்லுக்குப் போன லாரிகள், தேதி, எண், எல்லாம். கடைசி வரியில் அண்ணன் லாரி வர வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதை அனுப்பினால் என்ன? அனுப்பலாம். அதற்கும் மூன்றாவது குத்துக்கும் என்ன வித்தியாசம்?

கிழித்துப் போட்டேன். பயந்தாங்கொள்ளி.

மார்ச் 15, ஞாயிறு

அண்ணன் பேசவில்லை. பேசாவிட்டால் எனக்கென்ன, குடியா முழுகிவிடும்? (முழுகிவிட்ட மாதிரிதான் இருக்கிறது.)

மார்ச் 22, ஞாயிறு

வாண்டுக்கு ஏழு வயது. அத்தை வந்தே ஆக வேண்டும் என்று அவளே போன் செய்தாள், போனேன். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தான். சுவருக்கு நல்ல மரியாதை.

அண்ணி எல்லோருக்கும் ரொட்டி வைத்தார். எனக்கு மட்டும் கூடவே ஒரு வார்த்தை: "பயப்படாம சாப்பிடு. நேத்து வாங்கின புது மாவு. மெஷின் கொண்டுவந்திருந்தா அப்படி ஓரமா வெச்சிடு."

"எந்த மில்லு?" அண்ணன்தான் கேட்டான்.

"கடைசித் தெரு மில்லுதான். வேற எது?"

வாண்டு ரொட்டியில் சர்க்கரை வைத்துச் சுருட்டி, பாதியை வாய்க்குள் தள்ளியிருந்தாள். அண்ணன் எழுந்த வேகத்தில் தண்ணீர்ச் செம்பு உருண்டது. அவள் கையிலிருந்ததைப் பிடுங்கினான். வாய்க்குள் விரலை விட்டு, மென்றதையும் தோண்டி எடுத்தான். குழந்தை வீறிட்டது.

"பைத்தியமா உங்களுக்கு? பொறந்தநாள் அதுவுமா!"

அண்ணி கத்தினார். அண்ணன், கையில் அந்த ஈர ரொட்டியோடு என்னைப் பார்த்தான். பதினோரு நாளாக இப்படி ஒரு பார்வைக்காக நாலைந்து வசனம் தயாராக வைத்திருந்தேன். அழுகைதான் வந்தது.

பிறகு கொல்லைப்பக்கம் கூப்பிட்டான்.

"மில்லைப் பத்தி எங்கயாவது எழுதிப் போட்டியா?"

"எழுதினேன். கிழிச்சுட்டேன்."

"ஏன்?"

"உன் லாரியையும் எழுதணுமேண்ணா."

உள்ளே வாண்டு இன்னும் விசும்பிக்கொண்டிருந்தாள். அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். பிறகு லாரி நம்பரைச் சொன்னான், எனக்குத் தெரியாதது போல, ஒவ்வொரு எழுத்தாக, நான் எழுதி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்தி.