புலி இருந்த டப்பா

பிரியமுள்ள பாவா,

உங்கள் சமையல் பெட்டியை உங்கள் மகள் ஹரிதா கேட்டாள். கூட வேலை செய்கிறவர்களோடு பெங்களூரிலிருந்து வந்து, நாம் வருஷா வருஷம் தங்கின அதே மலையடியில் கூடாரம் போடப் போகிறாளாம். நீங்கள் கண்ணை மூடிய பிறகு அதுவரை நான் அதைத் திறக்கவே இல்லை. கொடுத்தால் உங்கள் ஒழுங்கு கலைந்துவிடுமோ என்று பயந்தேன். கொடுக்காமல் வைத்துக்கொண்டு நான்தான் என்ன செய்யப்போகிறேன்?

பெங்களூரில் கம்பெனிகள் பெருகியபோது நீங்களும் அக்காவும் நம் புத்தூரை விட்டுப் போனீர்கள். அந்த ஒற்றை அறை வீட்டில் இந்த இரும்புப் பெட்டிக்கு இடமில்லை, என்னிடம் விட்டீர்கள். ஆனாலும் ஒவ்வொரு பொங்கலும் முடிந்த கையோடு மலையடிக்குப் போக பஸ் ஏறி வந்துவிடுவீர்கள். பெட்டியை அடுக்க உங்களுக்கு ஒரு ஒழுங்கு: கடைசியில் வேண்டியது அடியில், இறங்கியதும் வேண்டியது மேலே. திறந்தால் தீப்பெட்டியும் டீத்தூளும்தான் முதலில் கைக்கு வரும். அடுப்பு காற்றுக்கு மறைவாக, தண்ணீர்க் குடம் அதிலிருந்து நாலு அடி தள்ளி.

வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கு படித்தவர் நீங்கள். டப்பாக்களின் மேல் தமிழ்ச் சொற்களைத் தெலுங்கு எழுத்தில் எழுதினீர்கள். புளி டப்பாவில் 'ளி'க்குப் பதில் 'லி' விழுந்துவிட்டது. தெலுங்கிலும் புலி என்றால் புலிதான். காட்டிலாகா வாட்சர் அதைப் படித்துவிட்டு, புலியை டப்பாவிலா வைத்தீர்கள் என்று தெலுங்கில் கேட்டாரே:

"ஏமண்ணா, புலினி டப்பாலோ பெட்டினாரா?"

"பயப்படாதண்ணா, இந்தப் புலி கடிக்காது. புளிக்கும்" என்றீர்கள் நீங்கள்.

நான் பேனாவோடு குனிந்தேன். செய்தி எழுதிப் பிழைக்கிறவன், பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது. "அத ஒங்க பேப்பர்ல வச்சிக்கப்பா. என் டப்பாவத் தொடாத" என்றீர்கள்.

போன ஞாயிறு ஹரிதாவோடு உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். சின்ன கேஸ் அடுப்பும் பிளாஸ்டிக் டப்பாக்களும் வாங்கி வந்திருந்தாள். புலி டப்பாவை எடுத்தாள். அடி துருப்பிடித்துக் கையோடு உதிர்ந்தது.

"மாமா, இதத் தூக்கிப் போட்ரலாமா?"

டப்பாவை வாங்கித் துருவைத் துடைத்தேன்.

"மேல இன்னா எழுதிக்குது?"

அவள் படித்தது கன்னடமும் இங்கிலீஷும். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அப்படியே உங்களுடையது. பிறகு ஒரு புது டப்பாவை எடுத்து இங்கிலீஷில் நாலே எழுத்து எழுதினாள்: PULI.

"இது புளியா, புலியா?" என்றேன்.

"ரெண்டுந்தான் மாமா. படிக்கிறவங்க பாடு."

பெட்டியை அடுக்கும்போது அந்த டப்பாவை அடியில் வைத்தாள். குழம்புக்குத்தானே புளி, அது கடைசியில்தானே வேண்டும் என்றாள். நான் சொல்லித் தரவில்லை, பாவா. நீங்கள் எப்போது சொன்னீர்கள்?

பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். தண்ணீர் தூக்க என்னையும் வரச் சொல்லியிருக்கிறாள். போவேன். குடத்தை அடுப்பிலிருந்து நாலு அடி தள்ளியே வைப்பேன். பேனாவை வீட்டிலேயே விட்டுப் போவேன்.

உங்கள் டப்பாவைக் கடைசிவரை திருத்தாத
மச்சான்