எகிப்துக் கலியாணமும் அக்காவின் பானையும்

ஆவணி, வெள்ளி

சோளகக் காற்று. முற்றமெல்லாம் வயல் தூசி. இதெல்லாம் நான் முந்தியே சொன்னதுதான். அக்கா மகள் சுகி சிறுபிள்ளையில் சுவரில் கரியால் பூனை கீறினாள். அன்றே சொன்னேன், இவள் பூனையைக் கும்பிடுகிற இடத்தில்தான் கலியாணம் கட்டுவாள் என்று. யார் கேட்டார்கள்? இப்போது லண்டனிலிருந்து மாப்பிள்ளையோடு வந்து நிற்கிறாள். பெயர் மார்க்கஸ். பழைய எகிப்துச் சாமிகளைக் கும்பிடுகிறவர். மதத்தின் பெயர் கெமெட்டிக். கெமெட் என்றால் கறுப்பு மண் நாடாம். வெட்டி முடிந்த எங்கள் வயலில் இறங்கி, மண்ணை அள்ளி முகர்ந்துவிட்டு ஏதோ சொன்னார். சுகி மொழிபெயர்த்தாள். எனக்கே விளங்கியது, சும்மா விட்டுக்கொடுத்தேன்.

வாங்க: உப்பு, அப்பச்சோடா, சாம்பிராணி, பேக்கரிப் பாண், பியர் (கூடுதலாக).

சனி

மாப்பிள்ளை தங்குவது என் வீட்டில். காலையில் உப்பும் அப்பச்சோடாவும் கரைத்த தண்ணீரில் கை, வாய் கழுவினார். சாம்பிராணி போட்டு, சாமிக்குப் பாணும் பியரும் படைத்தார். படைத்ததைப் பிறகு நாங்களே எடுக்கலாமாம். குறை சொல்ல ஒன்றுமில்லாத மதம்.

கலியாண முறை கேட்டேன். அந்தக் காலத்து எகிப்தில் தாலி இல்லை, ஐயர் இல்லை. பெண் தன் சாமான்களோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள். பிறகு விருந்து. முடிந்தது. இவர்களும் அப்படியே. அக்கா வீட்டிலிருந்து குளக்கட்டால் நடந்து என் வீட்டுக்கு.

அக்காவிடம் சொன்னேன். அடுப்பு ஊதுவதை நிறுத்தினாள்.

"மூட்டை தூக்கிக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போறதுதான் கலியாணமோ? அப்பிடியெண்டால் எனக்கு எத்தினை கலியாணம் நடந்திருக்கும்?"

"அக்கா, அது வேற..."

"என்னடா வேற? சண்டை நேரம் வெள்ளாங்குளத்துக்குப் போனம், அங்கால போனம், முகாமுக்குப் போனம். எல்லாம் மூட்டையோடதான். நான் வரேல்ல. நீங்கள் நடத்துங்கோ."

அத்தான் உயிரோடு இல்லை. சுகி ஒரே பிள்ளை. அம்மா வராவிட்டால் கலியாணமே வேண்டாம் என்று படுத்துவிட்டாள். சாப்பாடும் இல்லை.

ஞாயிறு

காற்று கொஞ்சம் குறைவு. நல்லவேளை, எகிப்து வழக்கத்தில் முக்கியமான ஒன்று ஞாபகம் வந்தது. உடனே அக்காவிடம் போனேன்.

"பொம்பிளையின்ர தாய்தான் முன்னுக்கு நடக்கவேணும், அக்கா. தன்ர சோத்துப் பானையோட. அந்தப் பானை அடுப்பில ஏறினாப் பிறகுதான் பொம்பிளை உள்ளுக்குக் கால் வைக்கலாம்."

"ஆர் சொன்னது?"

"குவைத்தில என்னோட ஒரே அறையில இருந்த எகிப்துக்காரன்."

"அவன் கலியாணம் கட்டினவனோ?"

"ரெண்டு தரம்."

அக்கா தும்பும் சாம்பலும் எடுத்துப் பானை மினுக்கத் தொடங்கினாள். ஒரு பக்கம் நெளிந்த அலுமினியப் பானை. ஒவ்வொரு இடப்பெயர்விலும் அவளோடு போனது. சுகி எழும்பி வந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

திங்கள்

நல்ல வெயில். ஆயிரம் சனம். (அக்கா நாற்பது என்கிறாள். அவளுக்கு எண்ணத் தெரியாது.) முன்னால் பானையோடு அக்கா, பின்னால் சூட்கேசோடு சுகி, கடைசியில் குடை பிடித்தபடி நான். அக்கா பானையோடு அவசரமில்லாமல், ஆறுதலாக நடந்து நான் கண்டது இன்றுதான்.

வாசலில் மாப்பிள்ளை பானையைப் பார்த்து முழித்தார். பிறகு தலை குனிந்து வழிவிட்டார். அக்கா நேரே குசினிக்குப் போய் அந்தப் பானையில் பால் காய்ச்சினாள். மாப்பிள்ளை என் காதுக்குள் கேட்டார், இது தமிழ் வழக்கமா என்று. "யேஸ், யேஸ். வெரி ஓல்ட்" என்றேன்.

பாண், கோழிக்கறி, பியர். சாமிக்குக் கள்ளும் வைத்தோம், என் யோசனை.

புதன்

மப்பு வானம். அவர்கள் நாளை கொழும்புக்கு. அக்கா மாப்பிள்ளையிடம், "உங்கட சமயத்தில தாய்க்கு நல்ல இடம் வச்சிருக்கிறியள்" என்றாள். சுகி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இங்கிலிஷில் ஏதோ சொன்னாள். அக்காவும் மாப்பிள்ளையும் தலையாட்டினார்கள். அக்கா பானையை லண்டனுக்கே கொடுத்துவிட்டாள்.

பின்னேரம் சுகி என்னைத் தனியே பிடித்தாள்.

"மாமா, குவைத்தில உங்கட அறையில இருந்தது கேரளாக்காரனெல்லோ?"

"ஆர் சொன்னது?"

"அம்மா."

"எப்ப?"

"பானை மினுக்கேக்க."

உண்மைதான், கேரளாக்காரன். பானை வழக்கம் எகிப்திலும் இல்லை, எங்கள் ஊர் உயிலங்குளத்திலும் இல்லை. மற்றதெல்லாம் அப்படியே நடந்தது.