இன்ஷிராஹ் பெயரில் ஒரு கார்

தமன்ஹூர்
மார்ச் 3

அன்புள்ள வஜ்தி அண்ணனுக்கு,

தங்கை இன்ஷிராஹ் ஸலாம் சொல்லி எழுதுவது. அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. என்னிடம் டியூஷன் படிக்கும் ஏழு பிள்ளைகளும் கணக்கில் தேறிவிட்டார்கள்.

நடக்க முடியாதவர்களுக்கு அரசு தரும் சலுகையில் என் பெயரில் வரியில்லாமல் நீ கார் எடுத்து ஒன்பது மாதம் ஆகிறது. "வெள்ளிக்கிழமை தவறாம உன்னக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்டி" என்று சொல்லித்தானே கையெழுத்து வாங்கினாய்? போன வாரம் என்னை ஆஸ்பத்திரிக்குக் காய்கறி வண்டியில் ஏற்றிப் போனார்கள். உடுப்பெல்லாம் வெங்காயத் தோல். ஒருநாள் வந்து போ அண்ணா. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
இன்ஷிராஹ்

கெய்ரோ
மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

வேலையில் மூச்சுவிட நேரமில்லை. சக்கர நாற்காலி பட்டால் புது சீட் கிழிந்துவிடும் என்று உன் அண்ணி பயப்படுகிறாள். தவறாக எடுத்துக்கொள்ளாதே.

வண்டியின் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவக் குழு உன்னை மறுபடி பார்க்க வேண்டுமாம். இருபதாம் தேதி டாக்ஸியோடு வருகிறேன். பழைய உடுப்பு போட்டுக்கொள், தலை வாராதே. என்ன கேட்டாலும் பேசாதே. வாயைத் திறந்து வைத்திரு, எச்சில் வழிந்தால் துடைக்காதே. புத்தியும் சரியில்லை என்று நினைத்துவிட்டால் அதிகம் கேட்கமாட்டார்கள். எல்லாம் குடும்பத்துக்காகத்தானே.

உன் அண்ணன்,
வஜ்தி

தமன்ஹூர்
மார்ச் 15

வஜ்திக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். எச்சில் என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். "நிறுத்தாத, முழுசாப் படி" என்றாள். முடித்ததும் எழுந்துபோய்க் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். அவள் அந்தத் தாளைத் தொடக்கூட இல்லை.

இருபதாம் தேதி நீ வர வேண்டாம். நேற்றே மருத்துவக் குழுவிடம் போய்வந்துவிட்டேன். பக்கத்து வீட்டு உம்மு ஸாபிர் ஆட்டோ பிடித்துத் துணைக்கு வந்தாள். பெருநாளுக்கு எடுத்த பச்சை உடுப்பைப் போட்டுக்கொண்டேன்.

டாக்டர் என் கால்களைப் பார்த்துவிட்டு, "வண்டி வசதியா இருக்காம்மா?" என்றார்.

"நான் அதப் பாத்ததே இல்ல, டாக்டர்."

விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "சரி, என்ன கலரு?"

"தெரியாது."

சிரிப்பு நின்றது. பேனாவை மூடிவைத்தார். எல்லாவற்றையும் சொல்லி, உன் கடிதத்தையும் அவர் கையில் கொடுத்தேன். வண்டியை ஒப்படைக்கச் சொல்லி உனக்குத் தாக்கீது வரும்.

உன் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சாப்பாட்டில் கரப்பான் கிடந்ததைப் பார்த்தவள் போலத்தான் இருக்கிறேன்.

திரும்பியதும் அம்மாவிடம், "அண்ணன் சண்டைக்கு வந்தா என்ன சொல்றது?" என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"புத்தி சரியில்லாத பொண்ணு இருக்கற வீடு, உள்ள வராதன்னு சொல்லு."

இன்ஷிராஹ்