கண்ணாடியில் இருந்த கையெழுத்துகள்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே புகைமூட்டம். வெயில்கூட மஞ்சளாக. எல்ஆர்டி ரயிலில் இடமில்லை, நின்றபடியே. இடது செருப்பின் வார் அறுந்தது, ஊக்குப் போட்டு ஓட்டினேன்.

இன்று தரை கூட்டும் வேலை இல்லை. பல்கலைக்கழக விளையாட்டு மையத்தில் டென்னிஸ் ஸ்டோர் ரூம். சனிக்கிழமை பழைய ஆட்டக்காரர்கள் வருகிறார்களாம். ஆண்கள் அணி, பெண்கள் அணி, இரண்டின் படங்களையும் ஆண்டு வரிசைப்படி நடைபாதையில் மாட்டி, வரலாற்றுச் சுவர் என்று திறக்கப்போகிறார்கள். அதற்கு முன் ஃபிரேம்களைச் சுத்தம் செய்ய வேண்டும்.

சரசு அக்கா பெயின்ட் கரைக்கும் தின்னர் டின்னும் பழைய துணியும் கொடுத்தார். (எங்கள் செந்தூல் ஃபிளாட்டில் மூன்றாம் மாடி. என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவர்.)

“வெறும் தண்ணி போட்டா பூஞ்சணம் போகாதுடி. தின்னர் போட்டுத் தொடச்சிடு. புவான் ரொஹானி மூஞ்சி அதுல தெரியணும், பவுடர் போட்டுக்குவாங்க.”

புவான் ரொஹானி இந்த மையத்துக்குப் பொறுப்பாளர் (புவான் என்றால் மலாயில் அம்மையார்). அக்கா சிரித்துக்கொண்டே ஜிம் கழிப்பறையைக் கழுவப் போய்விட்டார். நான் தனியாக. எனக்கு அது பிடிக்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஆண்கள் ஃபிரேம் 22. பெண்கள் 17.

ஆண்கள்: எப்போதும் பெரிய மண்டபத்துப் படிக்கட்டில். கேடயம், கோப்பை. கீழே பித்தளைத் தகட்டில் பெயர்கள்.

பெண்கள்: எப்போதும் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால். தகடு இல்லை. பழைய படங்களில் நீளப் பாவாடை, மர ராக்கெட். பிறகு குட்டைப் பாவாடை. பிறகு வண்ண ஜெர்சி. ஒரு படத்தில் இரண்டே பேர். இரண்டு பேர் ஓர் அணியா? ஒருத்தி சிரிக்கிறாள். இன்னொருத்தி கண்ணை மூடிவிட்டாள்.

ஆண்கள் கண்ணாடியில் யாரோ மார்க்கரால் மீசை, கொம்பு, வால் வரைந்திருந்தார்கள். தின்னரில் ஒரே இழுப்பு, போய்விட்டது. பெண்கள் கண்ணாடியிலும் பூஞ்சணத்துக்கு அடியில் வளைவு வளைவாய்க் கறுப்புக் கோடுகள். அவற்றையும் துடைத்தேன். நாலு மணிக்குள் எல்லாம் முடிந்தது.

ச. அக்கா: “பரவாயில்லையே, வாய்க்கும் சேர்த்து கை வேல செய்யுது.”

விரல் நுனியெல்லாம் வெள்ளையாய் உரிகிறது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவினார். நல்ல நாள்.

ஜூன் 10, செவ்வாய்

மழை. ஜிம் தரையை மூன்று தடவை துடைத்தும் சேற்றுக் கால்கள். செருப்பு வாங்க வேண்டும். வேறொன்றும் இல்லை.

ஜூன் 11, புதன்

ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கெரானி கவிதா அக்கா பெயர்ப் பட்டியல் எடுக்க ஸ்டோருக்கு வந்தார். நான் வாளியோடு வாசலில். ஒவ்வொரு ஃபிரேமாகத் தூக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். பிறகு போனில், யாரிடமோ:

“பொம்பளைங்க டீம்ல சைன் ஒண்ணுமே இல்ல லா. ஆமா, கண்ணாடில போட்டிருப்பாங்களே. சீசன் முடிஞ்சா அவங்கவங்க மூஞ்சிக்குக் கீழ அவங்கவங்க சைன். ஆம்பளைங்களுக்குத் தகடு அடிச்சுக் குடுத்தாங்க, இவங்களுக்கு யாரும் அடிக்கல. அதான் அவங்களே போட்டுக்கிட்டாங்க, வருஷா வருஷம்... ஃபைலா? ஃபைல் எல்லாம் வெள்ளத்துல போச்சு. இந்தக் கண்ணாடியத்தான் நம்பியிருந்தோம்.”

வளைவுகள். அவை எழுத்துகள். சேர்த்தெழுதிய ஆங்கிலம் எனக்கு வாசிக்க வராது. கிறுக்கல் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் போய் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்பதுதான் எனக்கு வராதே. பள்ளியில் மூன்றாம் படிவத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னபோதும் இப்படித்தான், தொண்டை அடைத்து, வகுப்பே சிரித்து, பிறகு ஒரு நாள் போகவில்லை, பிறகு போகவே இல்லை.

கவிதா அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “தங்கச்சி, இத யாரு தொடச்சாங்க, தெரியுமா?”

தலையை ஆட்டினேன். தெரியாது என்று.



ஜூன் 12, வியாழன்

காலையில் எங்களை வரிசையாக நிற்கவைத்தார்கள். க்ளீனர்கள் ஐந்து பேர். புவான் ரொஹானி கத்தவில்லை. கத்தியிருக்கலாம். மெதுவாக, “சியாப்பா சூச்சி?” யார் கழுவியது என்று மட்டும். எங்கள் சூப்பர்வைசர் குணா அண்ணன்தான் கத்தினார். “ஒருத்தர் பேரு போதும். ரிப்போர்ட்ல எழுதணும். யாரு?”

ச. அக்கா என்னைப் பார்த்தார். காத்திருந்தார். நான் செருப்பில் இருந்த ஊக்கைப் பார்த்தேன்.

“நான்தான் அண்ணே” என்றார் ச. அக்கா. “தின்னர் குடுத்தது நான்தான்.”

திங்கள் முதல் அவரைத் தூரத்துப் பந்திங்குக்கு மாற்றிவிட்டார்கள், ஒரு கிடங்கில் வேலை. செந்தூலிலிருந்து ரயில், பிறகு பஸ். விடியும் முன்பே கிளம்ப வேண்டும். அவர் மகள் மூன்றாம் வகுப்பு, பள்ளிக்கு அனுப்ப வேறு ஆள் கிடையாது.

திரும்பும்போது எல்ஆர்டியில் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. இடம் இருந்தது. இறங்கும்போது மட்டும்: “வாயில என்ன கொழுக்கட்டையாடி வச்சிருந்த?”

ஜூன் 13, வெள்ளி

சுவரில் மாட்டுமுன் ஃபிரேம்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூச்சை ஊதிப் பார்த்தேன். சாய்த்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவ்வளவு நன்றாகத் துடைத்திருக்கிறேன்.

அந்தத் துணி பின்கட்டுக் கம்பியில் காய்கிறது. ச. அக்கா அலசிப்போட்டிருக்கிறார். அலசியும் நடுவில் சாம்பல் நிறம். பதினேழு வருடத்துப் பெண்களும் அதில்தான்.

கழிப்பறையில் சொல்லிப் பழகினேன். நான்தான் துடைத்தேன். மலாயில், சாயா யாங் சூச்சி. சின்ன வாக்கியம்தான். தனியாக இருக்கும்போது வருகிறது.

ஜூன் 14, சனி

விழா. பலூன், கறிப்பாப் பலகாரம், மைக் சரியில்லை. ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு, தகட்டில் பெயரைத் தேடி விரல் வைத்துப் படம் எடுத்தார்கள். பெண்கள் பக்கம் ஒவ்வொரு ஃபிரேமின் கீழும் வெள்ளைத் தாள்: பெயர்கள் கிடைக்கவில்லை. பதினேழு தாள். மாட்டியது நான்.

கிள்ளானிலிருந்து தேவி ஆன்டி என்று ஒருவர், கைத்தடியோடு. கூட ஒரு சீன ஆன்டி, ஒரே அணியில் ஆடியவர்களாம். கவிதா அக்கா நோட்டோடு பின்னாலேயே. தேவி ஆன்டி படத்தில் விரல் வைத்து: “இது நான். இது ரோஸ்னா, செத்துப் போச்சு. இது லில்லி, இதோ நிக்குது, இப்ப கிழவி.”

“நீ மட்டும் இன்னும் சுவீட் சிக்ஸ்டீனா?” என்று சீன ஆன்டி. இருவரும் சிரித்தார்கள். நாலு படத்துக்குப் பெயர் கிடைத்தது. எனக்குக்கூட மூச்சு வந்தது.

பிறகு அந்த இரண்டு பேர் படம்.

“அந்த வருஷம் பொம்பள டீமே வேணாம், கோர்ட்ட ஆம்பளைங்களுக்கே குடுத்துடலாம்னு சொன்னாங்க. இதுங்க ரெண்டும் நாங்க ஆடுவோம்னு வந்து நின்னுச்சுங்க. நாங்க அப்ப படிச்சு முடிச்சு வேலைக்குப் போயிட்டோம், கேள்விப்பட்டு வந்து கைதட்டினோம். இதுங்க இல்லன்னா அன்னைக்கே மூடியிருப்பாங்க. பேரு... ஐயோ, பேரு என்ன லில்லி?”

“தெரியல லா. ஜூனியர் ஆச்சே.”

தேவி ஆன்டி கண்ணாடியைத் தடவினார். கண்ணை மூடியவளின் முகத்துக்குக் கீழே. “இங்கதான் போட்டிருந்துச்சு. நல்லா பெருசா.” கறிப்பாப் தட்டோடு நின்ற என் பக்கம் திரும்பினார். “எப்படிம்மா அழிஞ்சது?”

நடைபாதைக் கடைசியில் ச. அக்கா துடைப்பத்தோடு. பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூஞ்சணம் ஆன்டி” என்றேன்.

தெளிவாக, சத்தமாக வந்தது. தொண்டை அடைக்கவே இல்லை.

“பாவம். யாரு என்ன பண்ண முடியும்” என்று ஒரு கறிப்பாப் எடுத்துக்கொண்டார்.

ஜூன் 15, ஞாயிறு

மூன்றாம் மாடிக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை படியோடு திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை கதவு வரை. உள்ளே ச. அக்கா மகளிடம்: “அலாரம் அடிச்சா நீயே எழுந்து பல்லு விளக்கணும். ரொட்டி மேசைல இருக்கும். யாரு தட்டினாலும் தொறக்கக் கூடாது. யாரா இருந்தாலும்.”

தட்டவில்லை.

அம்மா கேட்டார், என்னடி முகம். தலைவலி என்றேன். பொய் இப்போது சுலபமாக வருகிறது.

ஜூன் 16, திங்கள்

எல்ஆர்டியில் தனியாக. இன்று காற்று தெளிவு, தூரத்து மலைகூடத் தெரிந்தது.

குணா அண்ணன் கூப்பிட்டார். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். இன்றைக்குச் சொன்னால் நாளைக்கே ச. அக்கா திரும்பி வந்துவிடலாம். வாயைத் திறப்பதற்குள் ஸ்டோர் சாவியை மேசைமேல் வைத்தார்.

“இனிமே நீ பாத்துக்க தங்கச்சி. புவானே சொன்னாங்க, அந்த அமைதியான பொண்ணுக்கிட்ட குடுங்கன்னு. அந்தச் சரசு மாதிரி வாயாடிங்கதான் எல்லாத்தையும் கெடுக்குறாங்க.”

வாங்கிக்கொண்டேன். நன்றி அண்ணே என்றேன்.