பதினோராவது மீட்டர்

மார்ச் 8

தங்கச்சிக்கு,

இங்கே நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அதுவும் உன்னைப் போலப் படித்துவிட்டதோ என்னவோ.

ஆற்றோரத்தில் வரப்போகும் மணல், சரளைக் குவாரிக்கு நீ கொடுத்த நிலவியல் அறிக்கையின் நகல் இங்கே ஊராட்சி அலுவலகத்தில் கிடைத்தது. நாற்பத்தாறு பக்கம். இரண்டு முறை படித்தேன். பத்தொன்பதாம் பக்கத்தில், மூன்றாம் துளையில் ஆறு மீட்டரிலிருந்து பதினைந்து வரை "சுத்தமான சரளை, களிமண் இல்லை" என்று இருக்கிறது. தப்பு. பதினோரு மீட்டர் தாண்டியதும் ஒன்றரைச் சாண் சாம்பல் நிறக் களிமண் உண்டு. எங்கள் தெருக் கிணறுகளின் தண்ணீரைத் தாங்கி நிற்பது அதுதான். அதைத் தோண்டினால் இருபத்திரண்டு வீட்டுத் தண்ணீரும் குவாரிக் குழிக்குள் இறங்கிவிடும்.

"படிச்சவங்க எழுதினது, சரியாத்தான் இருக்கும் பெரியவரே" என்றார் குமாஸ்தா. "அந்தப் படிச்சவளுக்கு மூக்குத் துடைச்சு விட்டவன் நான்யா" என்றேன்.

நாற்பது வருடம் இந்த மண்ணில் ஆழ்துளைக் கிணறு போட்டவனை ஒரு வார்த்தை கேட்டாயா?

அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

முழங்கால் எண்ணெய்க்கு அடங்காது. மருத்துவரைப் பாருங்கள்.

கேட்கவில்லைதான். கேட்டிருந்தால், அண்ணன் சொல்லத் தங்கை எழுதினாள் என்பார்கள். ஐந்து சோதனைத் துளைகள், மீட்டருக்கு ஒரு மூட்டை மண் மாதிரி. எல்லாவற்றையும் நானே சலித்துப் பார்த்தேன். ஒரு சிட்டிகை களிமண் இல்லை. இவ்வளவு சுத்தமான சரளையை நான் இதுவரை பார்த்ததே இல்லை. உங்களிடம் எழுதி வைத்த பதிவு ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். ஏப்ரல் பத்தாம் தேதி அனுமதி விசாரணை.

உங்கள் தங்கை

மார்ச் 21

தங்கச்சிக்கு,

எழுதி வைக்கும் பழக்கம் எனக்கில்லை. காது இருக்கிறது. சரளையில் துளைக்கருவி பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு போகும். களிமண் வந்தால் வாயை மூடிக்கொள்ளும். அந்தப் பக்கம் பதினேழு கிணறு போட்டேன். பதினேழிலும் மூடியது.

கருவியை ஓட்டியவன் எவன்? எந்தத் தூங்குமூஞ்சியைப் பிடித்தாய்?

அண்ணன்

மார்ச் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

ஓட்டியவர் உங்கள் மொட்டைதான். உங்களிடம் பதினாறு வருடம் வேலை பார்த்தவர் என்பதற்காகவே அவரை அமர்த்தினேன். நேற்று போனில் கேட்டேன்.

"சத்தமா? காதுல பஞ்சு வச்சிருந்தேங்க்கா. ஆனா மூட்டையெல்லாம் சுத்தமா அலசித்தான் கட்டினேன். சேறோட குடுத்தா அண்ணன் செவுள்லயே வைப்பாரே."

நீங்கள் வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது அண்ணா.

களிமண் இருந்திருந்தால் அலசிய தண்ணீரோடு போயிருக்கும். துளையிட்ட மூன்று நாளில் ஒரு நாள்தான் நான் அங்கே நின்றேன். அது என் தப்பு, அப்படியே எழுதிக் கொடுத்து, மறுபடி துளையிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். மொட்டை யாருக்கோ பயந்து பேச்சை மாற்றுகிறார் என்கிறது குவாரி நிறுவனம். அலசுவது நீங்கள் ஏற்படுத்திய வழக்கம் என்று நீங்களே கையெழுத்திட்டுக் கொடுத்தால் விசாரணையில் எடுபடும். கேட்கத் தயக்கமாக இருக்கிறது. நீங்கள் எதையும் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

உங்கள் தங்கை

ஏப்ரல் 4

தங்கச்சிக்கு,

கையெழுத்திட்ட தாள் இத்துடன் இருக்கிறது. ஒப்புக்கொண்டேன் என்று எண்ணாதே. கிணற்றுக்குச் சரளையை அலசித்தான் பார்க்க வேண்டும், அப்போதுதான் எந்தக் குழாய் இறக்குவது என்று தெரியும். குவாரிக்கு அது ஆகாது என்று மொட்டையிடம் சொல்லியிருக்க வேண்டியவள் நீ. ஆனால் அலசாதவனை அறைந்தவன் நான். அதையும் தாளில் எழுதியிருக்கிறேன்.

மறுபடி துளையிடும்போது நான் வரமாட்டேன். நீ பக்கத்தில் நில். காதில் பஞ்சு வேண்டாம். பதினோராவது மீட்டரில் சத்தம் நின்றால் எனக்கு எழுதாதே, தெரிந்த செய்திக்குத் தபால்தலை வீண். நிற்காவிட்டால் மட்டும் எழுது.

அண்ணன்

ஜூன் 19

தங்கச்சிக்கு,

மே பன்னிரண்டாம் தேதியே துளையிட்டு முடித்துவிட்டார்கள் என்று குமாஸ்தா சொன்னார். என்ன வந்தது என்று அவரிடம் நான் கேட்கவில்லை. உன் கடிதம் வரவில்லை. அது போதும்.

மருத்துவரைப் பார்த்தேன். நீ சொன்னதற்காக அல்ல, மாடிப்படி ஏற முடியவில்லை. மொட்டை வந்திருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றான். உள்ளே வரச் சொன்னேன்.

தபால்காரர் இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே, "இன்னைக்கும் ஒண்ணும் இல்ல பெரியவரே" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

களிமண்ணைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் சொன்னேன். வேறு விஷயம் எழுதலாம்.

அண்ணன்