சாக்லேட் கட்டிக்குச் சிரித்தேன், அக்கா

அடிக்கக் கையை ஓங்கிவிட்டுச் சிரித்துவிடும் என் அக்காவுக்கு,

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு செடெனாக்கில் அதே பிஸ்கட் தொழிற்சாலை வாசலில் அதே ஜாகா வேலை, காவல்தான். லாரிக்காரர்களை வம்புக்கு இழுக்காமல் ஒருவரையும் உள்ளே விடுவதில்லை. காவல் காக்கிறவள் இவ்வளவு பேசலாமா என்று மேனேஜர் கேட்டார். "வாயைப் பூட்டினா துரு பிடிச்சிரும் பாஸ்" என்றேன்.

ஒரு சத்தம் மட்டும் என்னை விடவில்லை. குளியலறைக் குழாய் முழுசாகத் திறந்து ஓடும் சத்தம். மாதாமாதம் அந்த நாட்களில் நீ முனகுவது வெளியே கேட்கக் கூடாதென்று திறந்துவிடுவாய். நான் கதவைத் தட்டி, "மெர்சிங் கடலையே காலி பண்ணிட்டியா, வெளிய வா லா" என்பேன். உள்ளேயிருந்து சிரிப்பாய். அது சிரிப்புத்தானா?

தீபாவளிக்கு முந்தின வாரம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்தேன். கதவைத் தள்ளினால், தரையில் உன் மகள் கவிதா. உன்னை மாதிரியே முழங்காலை வயிற்றோடு கட்டிக்கொண்டு கிடந்தாள்.

"எத்தனை நாளாடி இது?"

"ரெண்டு வருஷமா, சித்தி. கிளினிக்ல ஸ்கேன் பண்ணாங்க. சினைப்பையில சாக்லேட் கட்டியாம்."

"அலமாக்! ஏன்டி சொல்லல?"

"நீங்கதானே அம்மாகிட்ட சொன்னீங்க, சாக்லேட்னா சூட்டுல கரைஞ்சிரும், சுடுதண்ணி குடின்னு."

சொன்னேன், அக்கா. உனக்கும் ஸ்கேனில் அதே பெயரைச் சொன்ன அன்று, "வயித்துக்குள்ள கடை வச்சிருக்கியா, எனக்கு ஒண்ணு குடு" என்று வேறு கேட்டேன். நீயும் சிரித்தாய். அடுத்த செக்கப்புக்குப் போகவில்லை. பழைய இரத்தம் தேங்கி அந்த நிறத்தில் இருப்பதால் வைத்த பெயராம். எனக்கு இப்போதுதான் தெரியும். நீ போகாமல் இருந்தது என் சிரிப்பாலா?

மறுநாளே கவிதாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். "டாக்டரம்மா, நான் அஞ்சாவதுகூடத் தாண்டல. ஒரு ஜாகாவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"கர்ப்பப்பைக்கு உள்ள இருக்கிற மாதிரி சதை வெளிய போய் ஒட்டி வளருதும்மா. உடம்புக்குள்ளயும் ஜாகா இருக்காங்க. வழி தப்பி வந்தத அவங்க விரட்டணும். இந்த நோயில சரியா விரட்ட மாட்டாங்க. அங்கயே கூடி நின்னு வீக்கத்த உண்டாக்கி, அது வளர்றதுக்கு ரத்தக் குழாய்க்கும் வழி பண்ணிக் குடுத்துர்றாங்க."

"வாசல் கேட்டைத் திறந்து விட்டு காப்பியும் வாங்கிக் குடுக்கிற ஜாகாவா?"

"ஆமாம்மா, அப்படித்தான்." அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரும்பாலானவர்களுக்கு இது புற்றுநோயாக மாறுவதில்லை, ரொம்பச் சில பேருக்கு வருஷக்கணக்கான வீக்கத்தில் சினைப்பையில் அப்படித் திரும்பலாம் என்றார். அந்தச் சில பேரில் நீ ஒருத்தி. செக்கப்புக்குப் போயிருந்தால் அக்கா பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போன புதன்கிழமை கவிதாவின் கட்டியை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும், "எனக்கு ஒண்ணு எடுத்து வச்சீங்களா, சித்தி?" என்கிறாள் கழுதை. என் வாய்தான் அவளுக்கும். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாளைக்கு முடிவு சொல்வார்கள். காகிதத்தில் இங்கிலீஷ்தான் இருக்கும். ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். என்ன முடிவு வந்தாலும் ஒரு செக்கப்பும் தப்பாது. அவள் கிண்டல் பண்ணுவாள். பண்ணட்டும். சிரித்துக்கொண்டே நழுவப் பார்த்தாலும், அவள் கையை நான் விட மாட்டேன்.

உன் மகளுக்குச் சித்தி, உனக்கு என்றைக்கும் வாயாடித் தங்கச்சி,
செல்வி